நெல் எண்ணிய குறி

வரலாறு என்றால் மன்னர் செய்த போர்களும் அவர் எழுப்பிய கோயில்களுமே என்று பலர் எண்ணுகின்றனர். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், எவ்வழி செல்வதென்று அறியாமல் நின்ற எளிய மக்கள் என்ன செய்தனர் என்பதும் வரலாறே ஆகும். அரசனுக்கு ஐயம் வந்தால் அமைச்சர் இருந்தார். படைத்தலைவனுக்கு ஐயம் வந்தால் ஒற்றர் இருந்தார். உடல் மெலிந்த மகளின் அருகே அமர்ந்திருந்த தாய்க்கு யார் இருந்தார்? அவள் முறத்தில் நெல்லைப் பரப்பினாள். அந்த நெல்லை எண்ணி விடை கேட்டாள். அதனையே குறி பார்த்தல் என்கிறோம்.

குறி பார்க்கும் முறைகள் சிலவற்றை இன்று ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காண்போம். குறி பலிக்குமா, பலிக்காதா என்று வழக்காடுவது என் நோக்கமன்று. ஒவ்வொரு முறையும் எவ்வாறு அமைந்துள்ளது, அதிலிருந்து எத்தனை விடைகள் வரக்கூடும், எந்த விடை மிகுதியாக வரும் என்பவற்றையே எண்ணிப் பார்க்கப் போகிறோம். பொருநை ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இப்பொருளைப் பற்றிப் பேசுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

சங்க காலத் தமிழரிடையே மூன்று முறைகள் வழங்கி வந்தன. முதலாவது விரிச்சி. ஊர்ப்புறத்தே சென்று நின்று, பிறர் தற்செயலாகப் பேசும் சொல்லைக் கேட்டு, அதனை நன்னிமித்தமாகவோ தீநிமித்தமாகவோ கொள்வது இம்முறை. முல்லைப்பாட்டில் முதிய பெண்டிர் நெல்லும் மலரும் தூவி நின்று விரிச்சி கேட்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாமல் வருந்தும் கன்றுக்கு ஓர் ஆயர்மகள் ஆறுதல் கூறுகிறாள். உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்கிறாள். போருக்குச் சென்ற தலைவன் திரும்பி வருவான் என்பதற்கு அச்சொல்லே அறிகுறியாயிற்று. இம்முறையில் எண்ணிக்கை எதுவும் இல்லை. காதில் விழும் சொல் எதுவாகவும் இருக்கலாம். அதற்குப் பொருள் கூறுவோர் விருப்பமே அங்கு விடையை முடிவு செய்யும்.

இரண்டாவது கழங்கு. கழற்சிக்காயைக் கொண்டு வேலன் பார்க்கும் குறி இது. மூன்றாவது கட்டு. கட்டுப் பார்ப்பவளைக் கட்டுவிச்சி என்பர். அகவன்மகள் என்றும் கூறுவர். கட்டு, கழங்கு ஆகிய இரண்டையும் தொல்காப்பியம் களவியலிலே சேர்த்துச் சொல்கிறது. இவற்றுள் கட்டு என்னும் முறைதான் நம் சிந்தனைக்கு மிகுந்த விருந்தளிப்பது.

கட்டுக் காணும் வகையை உரைகாரர் விளக்கியுள்ளனர். முறத்திலே நெல்லைப் பரப்பி, அதில் ஒரு பகுதியை எடுத்து, நான்கு நான்காக எண்ணித் தள்ளுவார்கள். முடிவில் எஞ்சுவது ஒன்றோ, இரண்டோ, மூன்றோ ஆயின் மகளுக்கு வந்தது முருகன் அணங்கிய துன்பம் என்பார்கள். எஞ்சுவது நான்காயின் அது வேறு நோய் என்பார்கள். முருகன் என்று விடை வந்துவிட்டால் வேலனை அழைத்து, ஆட்டினைப் பலியிட்டு, வெறியாட்டு நிகழ்த்துவார்கள்.

இங்கே சற்று நின்று கணக்கிட்டுப் பாருங்கள். நான்கால் எண்ணும்போது எச்சம் நான்கு வகைப்படும். அந்நான்கனுள் மூன்று முருகனுக்கு உரியவை. ஒன்றே பிறிதொரு நோய்க்கு உரியது. அள்ளுகிறவள் எவ்வகை வஞ்சமும் இன்றி நெல்லை அள்ளினாலும், நூறு வீடுகளில் ஏறத்தாழ எழுபத்தைந்து வீடுகளில் முருகன் என்றே விடை வரும். நெல்லும் பொய் சொல்லவில்லை; கட்டுவிச்சியும் பொய் சொல்லவில்லை. ஆயினும் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே முக்கால் பங்கு விடை முடிவாகிவிட்டது.

சங்கப் புலவர்கள் இதனை உணராதவர்கள் அல்லர். மகளின் மெலிவுக்குக் காரணம் அவள் உள்ளத்தில் குடிகொண்ட காதலன் என்பது தோழிக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. குறுந்தொகையில் ஔவையார் பாடிய பாட்டொன்றில், குறி சொல்ல வந்த முதியவள் மலைகளைப் பாடிக்கொண்டு வருகிறாள். தலைவனுடைய மலையின் பெயர் வந்ததும், அந்த ஒரு பாட்டை மட்டும் இன்னும் ஒரு முறை பாடு என்று தோழி கேட்கிறாள். கேட்கத் தெரிந்த தாயாயின் அவளுக்கு அதுவே விடை. முறத்தில் கிடந்த நெல் சொல்லாத உண்மையை, அருகில் நின்ற தோழி சொல்லிவிடுகிறாள். அவளைக் கேட்பார்தான் இல்லை.

இனி நம் ஆற்றோடு சேர்ந்து கடலை நோக்கிச் செல்வோம். பொருநை கடலொடு கலக்கும் இடத்துக்கருகே பழையகாயல் என்னும் ஊர் உள்ளது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ கண்டு வியந்த காயல் துறைமுகம் இப்பகுதியில் இருந்ததே. திருநெல்வேலியின் வரலாற்றை எழுதி 1881-இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயர், இங்குள்ள வெளிகளில் உடைந்த சீனப் பீங்கான் துண்டுகள் எங்கும் சிதறிக் கிடந்ததைக் கண்டு குறித்துள்ளார். தஞ்சைப் பகுதியிலோ, நடுவே சதுரத் துளையிட்ட சீனச் செப்புக் காசுகள் புதையலாகவே கிடைத்துள்ளன. நம் கரைக்கு இவ்வாறு பீங்கானும் காசும் அனுப்பிய அந்நாட்டு மக்கள், ஐயம் வந்தபோது என்ன செய்தனர்? அவர்களும் எண்ணினர், நம்மவர் போலவே நான்கு நான்காக எண்ணினர்.

சீனத்தின் மிகப் பழைய முறை எலும்புக்குறி. ஏறத்தாழ 3200 ஆண்டுகளுக்கு முன் சாங் மரபினர் ஆண்ட காலத்தில், ஆமையின் வயிற்றோட்டையும் மாட்டின் தோள் எலும்பையும் சூடேற்றி, அதில் தோன்றும் வெடிப்பைக் கண்டு குறி சொல்லினர். கேட்ட கேள்வியை அந்த எலும்பிலேயே செதுக்கி வைத்தனர். நெடுங்காலம் மருந்துக் கடைகளில் டிராகன் எலும்பு என்னும் பெயரில் பொடித்து விற்கப்பட்ட இவ்வெலும்புகளில் இருப்பது பண்டை எழுத்து என்பது 1899-இல்தான் அறிஞர் கவனத்துக்கு வந்தது. சீன எழுத்தின் தொன்மையை நாம் அறிவது குறி கேட்டவர்களின் கைவண்ணத்தாலே என்பது வியப்பன்றோ?

அடுத்து வந்தது தண்டுக்குறி. ஈ சிங், அதாவது மாற்றங்களின் நூல் என்று பெயர் பெற்ற பழைய நூலுக்கு உரியது இது. முழுக்கோடும் நடுவே முறிந்த கோடுமாக ஆறு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால் 64 உருவங்கள் கிடைக்கும். ஒவ்வோர் உருவத்துக்கும் அந்நூலில் ஒரு வாசகம் உண்டு. எந்த உருவம் நமக்கு உரியது என்பதை அறிவதற்கே தண்டுகளை எண்ணுகின்றனர். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூ ஷி என்னும் அறிஞர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து வகுத்த முறையே பின்னர்ப் பெரிதும் பின்பற்றப்பட்டது.

ஒருவகைச் செடியின் உலர்ந்த தண்டுகள் 50 எடுத்துக்கொள்வார்கள். ஒன்றை ஒதுக்கிவிடுவார்கள். எஞ்சிய 49 தண்டுகளை மனம்போனபடி இடமும் வலமுமாக இரு குவியலாகப் பிரிப்பார்கள். வலக் குவியலிலிருந்து ஒரு தண்டை எடுத்து விரலிடையே செருகிக்கொள்வார்கள். பின்பு ஒவ்வொரு குவியலையும் நான்கு நான்காக எண்ணித் தள்ளி, எஞ்சியதைத் தனியே வைப்பார்கள். மிச்சமின்றி முடிந்தால் இறுதி நான்கையே எச்சமாகக் கொள்வார்கள். இடக் குவியலில் ஒன்று எஞ்சினால் வலக் குவியலில் மூன்று எஞ்சும், இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு நான்கு. விரலிடையே உள்ள ஒன்றையும் சேர்த்தால், முதல் மூன்று வகையிலும் ஒதுங்குவன 5 தண்டுகள். நான்காம் வகையில் மட்டும் 9 தண்டுகள்.

கண்டீர்களா? ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை ஒரு பக்கம். நான்கு மட்டும் மறுபக்கம். கட்டுவிச்சியின் முறத்தில் நாம் கண்ட அதே மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கு இங்கும் இருக்கிறது. இதனால் ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றிற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்குச் சான்று வேண்டும். ஒற்றுமை மட்டும் சான்றாகாது. நான்கு நான்காகப் பொருள்களைத் தள்ளி எண்ணுவது கைக்கு எளிது; எச்சம் என்பது எண்ணி முடிக்கும்வரை எவர்க்கும் தெரியாது. இவ்விரு பண்பும் எங்கும் உள்ளவை. ஆகவே ஒரே வழி இரண்டு நாடுகளில் தனித்தனியே பிறந்திருக்கலாம்.

ஆனால் சீனர் முதல் எண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை. எஞ்சிய தண்டுகளைக் கொண்டு இதே செயலை இன்னும் இருமுறை செய்தனர். அவ்விரு முறையும் ஒதுங்குவன 4 அல்லது 8. இரண்டுக்கும் வாய்ப்புச் சமம். மூன்று முறை முடிந்தபின் கையில் நிற்பவை 36, 32, 28, 24 ஆகியவற்றுள் ஒன்று. அதனை நான்கால் வகுத்தால் 9, 8, 7, 6 என்னும் எண்களில் ஒன்று வரும். 7-ம் 9-ம் முழுக்கோடு. 8-ம் 6-ம் முறிந்த கோடு. அவற்றுள்ளும் 9, 6 ஆகிய இரண்டும் எதிரான கோடாக மாறக்கூடியவை. ஒரு கோட்டுக்கு மூன்று முறையாக, ஆறு கோடுகளுக்குப் பதினெட்டு முறை தண்டுகளைப் பிரிக்க வேண்டும்.

இவ்வளவு பொறுமை எல்லோர்க்கும் வாய்க்குமா? ஆகவே பிற்காலத்தில் காசுக்குறி வழக்கில் வந்தது. மூன்று காசுகளைச் சேர்த்து எறிவார்கள். காசின் ஒரு பக்கத்துக்கு மதிப்பு 2, மறுபக்கத்துக்கு 3. மூன்றையும் கூட்டினால் 6, 7, 8, 9 என்ற அதே நான்கு எண்களே வரும். ஆறு முறை எறிந்தால் உருவம் நிறைவுபெறும். நூல் ஒன்றே, எண்கள் அவையே, உருவங்களும் அவையே. வேலை மட்டும் குறைந்தது. அப்படியானால் இரண்டு முறையும் ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும்.

ஒன்றல்ல. தண்டுகளை எந்தச் சார்பும் இன்றிப் பிரிப்பதாகக் கொண்டால், 16 முறையில் 6 என்னும் எண் ஒரு முறையும், 7 ஐந்து முறையும், 8 ஏழு முறையும், 9 மூன்று முறையும் வரும் என்று எதிர்பார்க்கலாம். காசுகளை எறிந்தாலோ, அதே 16 முறையில் 6 இரண்டு முறையும், 7 ஆறு முறையும், 8 ஆறு முறையும், 9 இரண்டு முறையும் வரும். முழுக்கோடும் முறிந்த கோடும் சமமாக வருவதில் இரு முறைகளும் ஒத்துள்ளன. நான்கில் ஒரு கோடு மாறக்கூடியதாக இருப்பதிலும் ஒத்துள்ளன. வேறுபாடு உள்ளே மறைந்து கிடக்கிறது. தண்டு முறையில் மாறும் முழுக்கோடு, மாறும் முறிந்த கோட்டினும் மும்மடங்கு மிகுதி. காசு முறையில் இரண்டும் சமம். இந்த மும்மடங்கு எங்கிருந்து வந்தது? முதல் எண்ணிக்கையில் நாம் கண்ட அந்த மூன்றுக்கு ஒன்றிலிருந்தே வந்தது. குறி கேட்க வந்தவர் கையில் தண்டைக் கொடுத்தாலும் காசைக் கொடுத்தாலும் அவருக்கு வேறுபாடு தெரியாது. ஆயினும் அவர் கேட்கும் விடையின் சாயல் மாறிவிடுகிறது.

இப்போது என் சொந்தக் காரணத்தைச் சொல்கிறேன்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. எனக்கு அப்போது எட்டு வயது. பொருநையின் வடகரையில் எங்கள் ஊர். கார்த்திகை மாதம், ஆற்றில் வெள்ளம். ஐந்து வயதான என் தங்கைக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கழுத்தை அசைக்க முடியாமல் கிடந்தாள். மருத்துவமனையோ அக்கரையில் இருந்தது. ஆற்றைக் கடந்து மாட்டுவண்டியில் நெடுந்தொலைவு செல்லவேண்டும். என் தந்தையார் வெளியூர் சென்றிருந்தார். கொண்டுசென்றால் வழியில் மழையும் வெள்ளமும் குழந்தையை என்ன செய்யுமோ. கொண்டுசெல்லாவிட்டால் காய்ச்சல் என்ன செய்யுமோ. இரண்டு அச்சங்களுக்கு நடுவே என் ஆச்சி தவித்தார். ஊர் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வாழையிலைத் துண்டொன்றில் செவ்வரளியையும் மற்றொன்றில் வெள்ளை நந்தியாவட்டையையும் வைத்து, ஒரேமாதிரி மடித்து, நாரினால் கட்டி, அம்மன் முன்னே போட்டார்கள். வெள்ளை வந்தால் ஆற்றைக் கடப்பது. சிவப்பு வந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்வது.

"எய்யா, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுத்துக் குடு" என்றார் ஆச்சி.

நான் எடுத்தேன். பிரித்தார்கள். செவ்வரளி.

என் சிறிய தாயார் மட்டும், மறுபடியும் ஒருமுறை பார்க்கலாமே என்றார். சாமியிடம் ஒன்றை இரண்டு தடவை கேட்கக்கூடாது என்று ஆச்சி மறுத்துவிட்டார். ஈ சிங் நூலிலும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது தகாது என்னும் கருத்து உண்டு என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்தபோது ஆச்சியின் முகமே என் கண்முன் வந்தது. மூன்றாம் நாள் தந்தையார் வந்தார். பூவையும் கேட்கவில்லை, வெள்ளத்தையும் கேட்கவில்லை. பரிசலில் குழந்தையை ஏற்றிக்கொண்டு போனார். மூளைக் காய்ச்சல் என்றார்கள். தங்கை பிழைத்தாள். ஆனால் இடச் செவி கேட்கும் திறனை இழந்துவிட்டது. முன்னமே கொண்டுவந்திருந்தால் ஒருவேளை செவியையும் காத்திருக்கலாம் என்று மருத்துவர் கூறியதை நானும் அருகில் நின்று கேட்டேன்.

அந்தப் பொட்டலத்தை எடுத்தது என் கை என்பதை நெடுநாள் என்னால் மறக்க முடியவில்லை. கல்லூரியில் கணக்கும் வரலாறும் பயின்ற பிறகே, பிழை என் கையில் இல்லை என்பது எனக்குத் தெளிவாயிற்று. இரண்டு பொட்டலத்தில் ஒன்று, பாதிக்குப் பாதி. என் கைக்கு வேறென்ன தெரியும்? ஆச்சியையும் நான் குறை கூறமாட்டேன். கண் முன்னே கிடந்த குழந்தையின் கழுத்து விறைப்பு அறிவித்த செய்தியைப் படிக்க அவருக்குக் கற்பித்தவர் எவருமில்லை. அறியத்தக்க ஒன்றை அறிய வழியின்றி, அதனை வாய்ப்பின் கையில் ஒப்படைத்ததே அன்று நேர்ந்த பிழை.

அப்படியானால் சீட்டெடுப்பதும் பூக்கட்டுவதும் முற்றிலும் தள்ளத்தக்கவையா? இல்லை என்பதற்கும் நம் வரலாறே சான்று தருகிறது. உத்தரமேரூரில் முதற்பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. வாரியத்துக்கு உரியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். சபை முழுவதும் கூடியிருக்கும்போது, உள்ளிருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அதனை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்தான். அவ்வோலையை நடுவர், ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, எல்லோரும் கேட்கப் படித்தார். மூடிய கையில் ஒளிப்பதற்கு இடம் உண்டு. விரித்த கையில் இல்லை.

அங்கும் ஒரு சிறுவனின் கைதான். ஆனால் வேற்றுமையைப் பாருங்கள். குடத்தில் ஓலை விழுவதற்கு முன்பே ஆராய்ச்சி முடிந்துவிட்டது. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும்; வயதுக்கு வரம்பு உண்டு; கல்வி வேண்டும்; முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். நம் திருநெல்வேலிக்கு அருகே உள்ள மானூரில் இதற்கும் முற்பட்ட, ஏறத்தாழ 800-ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டும், சபையில் அமர்வோர்க்கு வேண்டிய கல்வியையும் ஒழுக்கத்தையும் வரையறுக்கிறது. இவ்விதிகள் அவ்வூர்களின் பெரும்பாலான மக்களைச் சபைக்கு வெளியே நிறுத்தின என்பதையும் நாம் மறத்தல் கூடாது. எனினும் தகுதியுடையோர் என்று ஏற்கப்பட்டவர்களுள் ஒருவரை மற்றவரினும் உயர்த்த நியாயமில்லாத நிலையில்தான் குடம் வந்தது. ஆற்றுப்பாசன ஊர்கள் பலவற்றில் பங்காளிகள் நன்செய் நிலங்களைக் குறித்த ஆண்டுகளுக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொண்ட கரையீடு என்னும் வழக்கமும் இத்தகையதே. மேட்டு வயலும் பள்ள வயலும் என்றென்றும் ஒருவருக்கே வாய்த்துவிடாமல் சீட்டு காத்தது.

மாணவ நண்பர்களே, நெல்லும் தண்டும் காசும் பூவும் ஓலையும் நமக்குக் கற்பிப்பவை மூன்று கேள்விகள். இம்முறையில் எத்தனை விடைகள் வரக்கூடும், அவை சமமாக வருமா? எண்ணுகிறவர் கை விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? கேட்கப்படும் பொருள் அறிவினால் அறியத்தக்கதா, அன்றா? குறிக்கு மட்டுமல்ல, நாளை உங்கள் முன் வைக்கப்படும் எந்தக் கணக்குக்கும், எந்தத் தேர்வுக்கும், எந்தத் தீர்ப்புக்கும் இக்கேள்விகள் பொருந்தும். ஐயம் இருந்தால் இன்றிரவே மூன்று காசுகளை எடுத்து 160 முறை எறிந்து குறித்துப் பாருங்கள்; நான் சொன்ன கணக்கு ஏறத்தாழச் சரியாக வருவதைக் காண்பீர்கள்.

என் தங்கை இன்று பேரக் குழந்தைகளோடு நலமாக இருக்கிறாள். நான் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் அவளுக்கு வலப்பக்கத்தில் அமர்ந்தே பேசுகிறேன்.